கடனுக்குப் போனதால் பிழைத்த படங்கள்

2023 நடுவில் பிரிட்டனின் ஆரோ வீடியோ ஒரு பெட்டி வெளியிட்டது. பெயர் 'என்டர் தி வீடியோ ஸ்டோர்: எம்பயர் ஆஃப் ஸ்க்ரீம்ஸ்'. உள்ளே ஐந்து ப்ளூ-ரே தட்டுகள், ஐந்து படங்கள்: 'தி டஞ்சன்மாஸ்டர்', 'டால்ஸ்', 'செல்லார் ட்வெல்லர்', 'அரீனா', 'ரோபாட் ஜாக்ஸ்'. கூடவே போஸ்டர்கள், ஒரு புத்தகம், அந்தக்கால வீடியோ கடையில் கொடுப்பதுபோல ஒரு உறுப்பினர் அட்டை. அட்டையில் என் பெயரை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதவில்லை.

ஐந்து படங்களும் எம்பயர் பிக்சர்ஸ் என்ற ஒரே அமெரிக்கக் கம்பெனியில் உருவானவை. 1983இல் தொடங்கிய அந்தக் கம்பெனி 1988இல் கைமாறிப் போனது. இந்தப் பெட்டியைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப்போகிறேன். படங்கள் நல்லவையா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். (கேட்டால் சொல்வேன்: ஒன்று நல்ல படம், ஒன்று முக்கால்வாசி நல்ல படம், மற்ற மூன்றும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நாலு பேரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியவை.) என்னை உள்ளே இழுத்தது வேறு விஷயம். இதே கம்பெனி, ஏறக்குறைய இதே ஆட்களை வைத்து, இதே காலத்தில் எடுத்த இன்னொரு படம் உண்டு. அதன் நெகட்டிவ் தொலைந்துவிட்டது. மிஞ்சியது ஒரு விஎச்எஸ் கேசட். இவை ஐந்தும் ஏன் பிழைத்தன, அது ஏன் பிழைக்கவில்லை? விடை படத்தின் தரத்தில் இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

போஸ்டர் முதலில், படம் அப்புறம்

எம்பயரை நடத்தியவர் சார்லஸ் பேண்ட். அப்பா ஆல்பர்ட் பேண்டும் படம் எடுத்தவர், தம்பி ரிச்சர்ட் பேண்ட் இசையமைப்பாளர். சார்லஸ் படத் தயாரிப்பாளர் என்பதோடு வீடியோ கேசட் வியாபாரியும்கூட. வீட்டில் படம் பார்க்கும் பழக்கம் அமெரிக்காவிலேயே முழுசாக வராத 1970களின் கடைசியில் கேசட் கம்பெனி ஆரம்பித்தவர்களில் ஒருவர். அடுத்து விஸார்ட் வீடியோ என்று ஒன்று. அதன் கேசட்டுகள் வழக்கத்தைவிடப் பெரிய அட்டைப்பெட்டியில் வந்தன. கடை அலமாரியில் பக்கத்துக் கேசட்டுகளை மறைத்துக்கொண்டு நிற்கும். இன்று அந்தக் காலிப் பெட்டிகளுக்கே தனியாக ஒரு சேகரிப்பாளர் கூட்டம் இருக்கிறது.

அதனால் ஒரு பாடம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது: வாடகைக்கு எடுக்க வருகிறவன் படத்தைப் பார்த்து எடுப்பதில்லை, அட்டையைப் பார்த்துத்தான் எடுக்கிறான். எம்பயர் முதலில் ஒரு தலைப்பு யோசிக்கும், அப்புறம் ஓவியரை வைத்துப் போஸ்டர் வரையும். அதைக் கேன் விழாச் சந்தைக்கும் அமெரிக்கன் ஃபிலிம் மார்க்கெட்டுக்கும் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு நாட்டு உரிமைக்கும் அட்வான்ஸ் வாங்கும். கதை, நடிகர், இயக்குநர் எல்லாம் பிறகு. கோடம்பாக்கத்தில் பூஜை போட்ட அன்றே ஏரியா விற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. நம்மவர்கள் ஹீரோ பெயரை வைத்து விற்றார்கள், பேண்ட் ஒரு ராட்சசனின் படத்தை வைத்து விற்றார்.

இதில் பேர்போன உதாரணம் 1985இல் வந்த 'கூலீஸ்'. (தமிழில் எழுதினால் ஏதோ தொழிலாளர் படம் போலத் தெரிகிறது. குட்டிப் பிசாசுகள் என்று புரிந்துகொள்ளுங்கள்.) கழிவறைக் கோப்பைக்குள்ளிருந்து ஒரு பிசாசு தலையை நீட்டும் போஸ்டர் அதற்கு. போஸ்டர் பிரபலமாகிவிட்டது, படத்தில் முதலில் அப்படி ஒரு காட்சியே இல்லை. போஸ்டருக்காக அந்தக் காட்சியைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள்.

எங்கள் தெருவில் டிவியும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து விடியவிடிய மூன்று படம் போடுவார்கள். இரண்டு தமிழ், மூன்றாவது ஒரு இங்கிலீஷ் பேய்ப்படம். மூன்றாவது கேசட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பையன்களிடம். நாங்களும் அட்டையைப் பார்த்துத்தான் எடுத்தோம். அட்டையில் இருந்த பேய் ஒரு தடவைகூடப் படத்தில் வந்ததில்லை. பேண்டின் கதையைப் படித்தபோது பழைய கோபம் கொஞ்சம் தணிந்தது.

ரோமில் ஒரு ஸ்டூடியோ

சின்னச் சின்ன அட்வான்ஸ்களோடு நின்றிருந்தால் எம்பயர் இன்னும் கொஞ்சநாள் ஓடியிருக்கும். பேண்ட் இத்தாலிக்குப் போனார். தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸ் 1960களில் ரோமுக்கு வெளியே கட்டிய டினோசிட்டா ஸ்டூடியோவையே வாங்கினார். அது போதாதென்று ஜோவே என்ற ஊரில் ஒரு கோட்டையும் வாங்கினார். பிற்பாடு அந்தக் கோட்டையிலேயே பேய்ப்படங்கள் எடுத்தார் என்பதால் அதை முழு வீண்செலவு என்று சொல்ல முடியாது.

ஸ்டூடியோ கையில் இருந்ததால் செட்டை இடிக்காமல் அடுத்த படத்துக்குப் பயன்படுத்த முடிந்தது. ஸ்டூவர்ட் கார்டன் 'டால்ஸ்' படத்தை அங்கே எடுத்தார். அதே வீட்டு செட்டுகளை வைத்து 'ஃப்ரம் பியாண்ட்' எடுத்தார். முதலில் எடுத்தது 'டால்ஸ்', ஆனால் முதலில் வெளியானது 'ஃப்ரம் பியாண்ட்' (1986). 'டால்ஸ்' படத்தில் பொம்மைகளை ஸ்டாப் மோஷனில், அதாவது துளித்துளியாக அசைத்து ஒவ்வொரு சட்டகமாக எடுத்து, நகர்த்தும் வேலை இழுத்துக்கொண்டே போனதால் அது 1987இல்தான் வந்தது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து பார்த்தால் செட்டுகளில் பழகிய வீட்டுச் சாயல் தெரியும். கேசட்டில் பார்த்தபோது இதை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இருட்டில் எல்லா மாடிப்படியும் ஒன்றுதான்.

பணம் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு அரசுக்குச் சொந்தமான கிரெடி லியோனே வங்கியிடமிருந்து. 1980களில் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்களுக்கு வெளியே இருந்த தயாரிப்பாளர்களுக்கு அள்ளி அள்ளிக் கடன் கொடுத்தது அந்த வங்கியின் நெதர்லாந்துக் கிளை. வெளிநாட்டு உரிமை ஒப்பந்தங்களைக் காட்டினால் போதும். எம்பயரும் அந்த வரிசையில் நின்றது.

அப்புறம் 'ரோபாட் ஜாக்ஸ்' வந்தது. அணு யுத்தத்துக்குப் பிறகு நாடுகள் போர் செய்வதை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு ராட்சச ரோபாட்டை இறக்கி மோதவிட்டுத் தகராறைத் தீர்த்துக்கொள்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளைப் பார்த்து கார்டனுக்கு வந்த யோசனை. திரைக்கதை எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜோ ஹால்டமன். செலவு சுமார் 1 கோடி டாலர். எம்பயர் எடுத்ததிலேயே விலை கூடிய படம் இதுதான். ரோபாட் வேலை முடிவதற்குள் கம்பெனி கவிழ்ந்துவிட்டது. படம் 1990 நவம்பரில் வேறொருவர் கையால் தியேட்டருக்கு வந்து, சுமார் 13 லட்சம் டாலர் வசூலித்துவிட்டுப் போனது.

நெகட்டிவ் யார் கையில்

படங்களின் உரிமை போன பாதையைச் சொன்னால் கதை மாதிரி இருக்கும், ஆனால் எல்லாம் நடந்தது. 1988இல் எம்பயரின் படங்கள் எபிக் புரொடக்‌ஷன்ஸ் கைக்குப் போயின. எபிக்கின் பின்னால் இருந்ததும் கிரெடி லியோனேதான். எபிக்கும் நிலைக்கவில்லை. வங்கியே தள்ளாடியது. அதன் வாராக் கடன்களை விற்றுத் தீர்க்க பிரெஞ்சு அரசு 1995இல் சிடிஆர் என்ற தனி அமைப்பை உண்டாக்கியது. ஆலைகள், கட்டடங்கள் எல்லாம் இருந்த அந்தக் கிட்டங்கியில் பொம்மைப் பேய்களும் ரோபாட்டுகளும் சேர்ந்துகொண்டன. 1990களின் இறுதியில் பாலிகிராம் என்ற இசை, சினிமா நிறுவனம் இந்தப் படத் தொகுப்பை வாங்கியது. பாலிகிராமை சீகிராம் என்ற மதுபான கம்பெனி வாங்கியது. பாலிகிராமின் பழைய படங்கள் 1999இல் ஹாலிவுட் ஸ்டூடியோவான எம்ஜிஎம் வசம் வந்தன. எம்ஜிஎம்மை 2022இல் அமேசான் வாங்கி முடித்தது. நடுவே ஒரு வேடிக்கை: கடன் திரும்பி வராததால் 1992 முதல் 1996 வரை எம்ஜிஎம்முக்கே முதலாளியாக இருந்ததும் இதே கிரெடி லியோனேதான்.

இத்தனை கை மாறியும் நெகட்டிவ்கள் ஏன் தொலையவில்லை? சினிமாக் கடனுக்கு அடமானம் என்பது நெகட்டிவ்தான். அது தயாரிப்பாளர் வீட்டில் இருக்காது, லேபில் இருக்கும். கடன் கொடுப்பவர், தயாரிப்பாளர், லேப் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போடுவார்கள்: கடன் கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் நெகட்டிவை நகர்த்தக்கூடாது. நம் ஊரில் ஃபைனான்சியருக்கான லேப் லெட்டர் தெரியும் இல்லையா, வெள்ளிக்கிழமை காலை ரிலீசை நிறுத்துமே, அதன் ஒன்றுவிட்ட அண்ணன். எந்தப் படத்தின் எந்தச் சுருள் எந்த லேபில் இருக்கிறது என்று பட்டியல் இருக்கும். நிறுவனம் கைமாறும்போது பட்டியலும் சேர்ந்து மாறும். வாங்குகிறவர் ஒரு படத்தையும் பார்த்திருக்கமாட்டார், ஆனால் பட்டியலைச் சரிபார்த்திருப்பார்.

சினிமாப் பிரியர் யாரும் இந்தப் படங்களைக் காப்பாற்றவில்லை. கடனை வசூலிக்க வந்த கணக்கர்கள் காப்பாற்றினார்கள். சேகரிப்பாளர்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை. நம் ஆர்வம்தான் இந்தப் படங்களுக்கு மறுவாழ்வு கொடுத்தது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆர்வம் கடைசிப் பத்து வருடத்து வேலையைச் செய்தது. அதற்கு முந்தைய இருபத்தைந்து வருடம் ஏதோ ஒரு குளிரூட்டிய அறையில் யாரோ வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 35 எம்எம் படச்சுருள் அசிடேட்டில் செய்தது. வெப்பமும் ஈரமும் பட்டால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி மூக்கைத் துளைக்கும். சுருள் சுருங்கி, நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு டப்பாவில் தொடங்கினால் பக்கத்து டப்பாவையும் வேகப்படுத்தும். வினிகர் சிண்ட்ரோம் என்பது இதற்குப் பெயர். 2012இல் அமெரிக்காவில் இதே பெயரில் ஒரு டிஸ்க் கம்பெனி தொடங்கினார்கள். இன்று மலிவுப் பேய்ப்படங்களைச் சுத்தம் செய்து வெளியிடுவதில் முன்னணியில் இருப்பதே அவர்கள்தான்.

பெட்டிக்குள்

கேசட்டில் இருந்து ப்ளூ-ரேவுக்கு வரும்போது என்ன மாறுகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஎச்எஸ்ஸில் ஒரு படத்தின் குறுக்கே ஏறத்தாழ 240 கோடு அளவுக்குத்தான் விவரம் நிற்கும். ப்ளூ-ரே 1920க்கு 1080. கேசட்டுக்காக அகலத் திரைப் படத்தைச் சதுரமான டிவிக்குப் பொருத்தினார்கள். சிலவற்றில் பக்கங்கள் வெட்டுப்பட்டன, சிலவற்றில் தியேட்டரில் மறைத்துவைத்த மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் தெரிந்து, மைக் தொங்குவதுகூடத் தெரிந்தது. மீட்கும்போது சுருளைப் பழுதுபார்த்து, கழுவி, ஒவ்வொரு சட்டகமாக ஸ்கேன் செய்கிறார்கள். 90 நிமிடப் படத்தில் 1,29,600 சட்டகங்கள். தூசி, கீறலை நீக்கி, வண்ணத்தைச் சரிசெய்து, ஒலியைத் தனியாகச் சுத்தம் செய்கிறார்கள்.

இதில் என் கவலையெல்லாம் பரல் பற்றியது. படச்சுருளில் இயல்பாக இருக்கும் மணல்மணி போன்ற அசைவை 'கிரெய்ன்' என்பார்கள். அதை மென்பொருள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினால் மனித முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும். 'டால்ஸ்' போன்ற படத்தில் இது பெரிய விபரீதம். பொம்மை எது, மனிதன் எது என்ற சந்தேகத்தில்தான் அந்தப் படமே ஓடுகிறது. ஆரோ தட்டில் பரல் பத்திரமாக இருக்கிறது. பீங்கான் முகத்தில் இல்லாத ஒரு சின்ன நடுக்கம் மனிதத் தோலில் தெரிகிறது. நான் நல்ல படம் என்று சொன்னது இதைத்தான். புயலில் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு முதிய தம்பதியின் மாளிகையில் ஒதுங்குகிறார்கள், அங்கே பொம்மைகள். அவ்வளவுதான் கதை. கை ரோல்ஃப் அந்தக் கிழவராக வந்து மெதுவாகச் சிரிக்கும்போது பயத்தைவிடப் பாசம் வருகிறது.

'ரோபாட் ஜாக்ஸ்' முக்கால்வாசிப் படம். மனிதர்கள் பேசும் கால்வாசியைத் தாண்டிவிட்டால் மற்றது விருந்து. மாதிரி ரோபாட்டுகளை இயக்கியவர் டேவிட் ஆலன். பெரும்பாலும் இந்த மாதிரி வேலையை நீலத்திரைக்கு முன் எடுத்துப் பின்னணியை ஒட்டுவார்கள். ஆலன் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்குப் போனார். நிஜ வெயில், நிஜ வானம், தூரத்தில் நிஜ மலை. காற்றும் மழையும் சேர்ந்து வேலையை மாதக்கணக்கில் இழுத்தடித்தன. படம் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் முப்பது வருடம் கழித்து அந்தத் தாமதத்துக்குப் பலன் கிடைத்தது. ஒட்டுவேலைக் காட்சி என்றால் நெகட்டிவின் பிரதியின் பிரதி. அதைக் கூர்மையாக ஸ்கேன் செய்தால் அழுக்கும் விளிம்புக்கோடும்தான் கூர்மையாகத் தெரியும். வெயிலில் நேராக எடுத்த காட்சி அப்படி இல்லை. ரோபாட்டின் தோளில் விழும் நிழலும் மலையில் விழும் நிழலும் ஒரே சூரியனுடையவை. கேசட்டில் பார்த்தவர்கள் இதைப் பொம்மைப் படம் என்று சிரித்திருப்பார்கள். இங்கே பொம்மை என்பது தெரிந்தே வாயைப் பிளக்கிறோம்.

'தி டஞ்சன்மாஸ்டர்' எனக்குக் குற்ற உணர்ச்சியோடு பிடிக்கும். ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமரைச் சூனியக்காரன் ஒருவன் வேறு உலகத்துக்கு இழுத்து ஏழு சோதனைகள் வைக்கிறான். ஒன்றேகால் மணி நேரப் படத்துக்கு ஏழு இயக்குநர்கள். அதில் பேண்டும் ஒருவர், டேவிட் ஆலனும் ஒருவர். ஆலன் பகுதியில் வரும் கல் ராட்சசன் ஒருவனுக்காகவே தட்டைச் சுழலவிடலாம். 'உன் யதார்த்தத்தை நிராகரித்து என்னுடையதை வைக்கிறேன்' என்று நாயகன் சொல்லும் வசனம் பல வருடம் கழித்து 'மித்பஸ்டர்ஸ்' டிவி நிகழ்ச்சியில் ஆடம் சாவேஜ் வாயால் உலகப் புகழ் பெற்றது. அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் ஏராளம்.

'செல்லார் ட்வெல்லர்' ஜான் கார்ல் பீக்லர் இயக்கியது. எம்பயரின் பெரும்பாலான ரப்பர் பூதங்களைச் செய்தவர் அவர். ஒரு காமிக்ஸ் ஓவியன் வரைந்த பூதம் உயிரோடு எழுந்து வருகிறது. 'சைல்ட்ஸ் ப்ளே' எழுதிய டான் மான்சினி புனைபெயரில் எழுதிய கதை. 'அரீனா' வேற்றுக்கிரகக் குத்துச்சண்டைப் படம். அதில் முகமூடிகளைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை, மறுபடி பார்த்த பிறகும்.

இந்த இரண்டில் முதலாவதற்கும் 'தி டஞ்சன்மாஸ்டர்' படத்துக்கும் 2013இல் அமெரிக்காவின் ஸ்க்ரீம் ஃபேக்டரி நாலு படம் சேர்ந்த மலிவு டிவிடிப் பொதி ஒன்றில் இடம் கொடுத்தது. அப்போது அவற்றுக்கு அவ்வளவுதான் மரியாதை. பத்தே வருடத்தில் தனித்தனித் தட்டு, புத்தகம், போஸ்டர். படம் மாறவில்லை. அந்தக் கேசட்டைப் பார்த்த பையன்களுக்கு நாற்பத்தைந்து வயதாகி, கையில் காசு புழங்கத் தொடங்கியதுதான் மாறியது.

பெட்டி வந்தபோது பீக்லர் இல்லை (2019இல் இறந்தார்), கார்டன் இல்லை (2020), ஆலன் 1999லேயே போய்விட்டார். கார்டனின் குரல் பழைய வெளியீடுகளுக்காகப் பதிவுசெய்த வர்ணனையிலிருந்துதான் வருகிறது. மீட்டெடுக்கும்போது வண்ணத்தைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியவர்கள் இவர்கள்தான். இனி அது யாரோ ஒருவருடைய ஊகம்.

எது முழுப் படம்?

சேகரிப்பவர்கள் அதிகம் சண்டைபோடுவது இந்த இடத்தில்தான். 'ஃப்ரம் பியாண்ட்' படத்துக்கு அமெரிக்கத் தணிக்கையில் ஆர் சான்றிதழ் வாங்க வேண்டி நிறைய வெட்டினார்கள். வெட்டிய துண்டுகள் போனவை போனவைதான் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது எம்ஜிஎம் காப்பகத்தில் அகப்பட்டன. 2007 டிவிடியில் அவை சேர்ந்து வந்தன. அதுவும் அதே கணக்கர்களின் புண்ணியம்.

கார்டனின் முதல் படமான 'ரீ-அனிமேட்டர்' (1985) இன்னும் வேடிக்கை. அது தணிக்கைக்குப் போகாமலே தியேட்டருக்கு வந்தது. சான்றிதழ் இல்லாத கேசட்டை வைக்க மறுக்கும் கடைகளுக்காக ரத்தக் காட்சிகளை வெட்டி ஒரு பதிப்பு தயாரித்தார்கள். வெட்டியதில் படம் குறுகிவிடவே, முதலில் ஒதுக்கிவைத்த பேச்சுக் காட்சிகளை எடுத்து ஒட்டினார்கள். கடைசியில் வெட்டிய பதிப்பு, வெட்டாத பதிப்பைவிட நீளம். வெட்டாதது 86 நிமிடம். பிற்காலத்தில் இரண்டையும் கலந்து 105 நிமிடத்துக்கு ஒரு 'முழு' பதிப்பும் வந்தது. அதை இயக்குநர் ஒருநாளும் தியேட்டரில் காட்டியதில்லை. என்னைக் கேட்டால் 86 நிமிடம்தான் படம். ஆனால் மூன்றும் தட்டில் இருக்கவேண்டும் என்றுதான் நானும் காசு கொடுக்கிறேன்.

ஆறாவது படம்

இப்போது அந்தத் தொலைந்த படம். 1980களின் கடைசியில் பேண்டே இயக்கிய 'பல்ஸ் பவுண்டர்ஸ்'. மூன்று குறும்படங்கள் சேர்ந்தது. ஒன்று எம்பயரின் முந்தைய படமான 'டிரான்ஸர்ஸ்' படத்தின் தொடர்ச்சி, டிம் தாமர்சனும் ஹெலன் ஹன்ட்டும் நடித்தது. இன்னொன்று 'தி டஞ்சன்மாஸ்டர்' தொடர்ச்சி. மூன்றாவது அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதையை வைத்து 'தி ஈவில் க்ளர்ஜிமேன்'. அதில் ஜெஃப்ரி கோம்ஸ், பார்பரா கிராம்ப்டன், டேவிட் கேல், டேவிட் வார்னர். 'ரீ-அனிமேட்டர்' கூட்டணியே திரும்ப வந்ததுபோல. 35 எம்எம்மில் எடுத்தார்கள். வெளியிடுவதற்குள் கம்பெனி போய்விட்டது.

நெகட்டிவ் எங்கே போனது என்று தெரியவில்லை. 2011இல் பேண்டிடம் ஒரு விஎச்எஸ் கேசட் கிடைத்தது, படத்தொகுப்பின்போது எடுத்த வேலைப் பிரதி. அதைச் சுத்தம் செய்து, ரிச்சர்ட் பேண்ட் இசையோடு 2012இல் 'தி ஈவில் க்ளர்ஜிமேன்' வெளியானது. அடுத்த வருடம் 'டிரான்ஸர்ஸ்' பகுதி வந்தது. டேவிட் கேல் 1991லேயே இறந்துவிட்டார். தன் நடிப்பை அவர் திரையில் பார்க்கவில்லை.

இது மட்டும் ஏன் தொலைந்தது என்பதற்கு என் கணிப்பு இது. முடிந்த படத்துக்கு உரிமை ஒப்பந்தம் இருக்கும், ஒப்பந்தத்துக்கு மதிப்பு இருக்கும், மதிப்புள்ளது பட்டியலில் ஏறும். முடியாத படம் கடன் கொடுத்தவருக்குச் சொத்தல்ல, செலவு. பட்டியலில் ஏறாத டப்பாவைத் தேட யாருக்கும் வேலை இல்லை. எம்பயர் இன்னும் ஆறு மாதம் உயிரோடு இருந்து படத்தை முடித்திருந்தால், இதுவும் பாரிஸ் வழியாக அமேசான் வரை போயிருக்கும்.

வாங்கியவன் கணக்கு

நம் பக்கம் இருந்து வாங்குகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், நான் அடிபட்டுக் கற்றது. ப்ளூ-ரேவுக்கு மண்டலப் பூட்டு உண்டு. அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி. இந்தியாவும் இலங்கையும் சி. சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ. அதாவது சென்னையில் வாங்கிய சாதாரண பிளேயரில் அமெரிக்கத் தட்டும் ஓடாமல் போகலாம், பிரிட்டன் தட்டும் ஓடாமல் போகலாம். கோலாலம்பூரில் இருக்கும் அத்தை மகன் வீட்டில் அமெரிக்கத் தட்டு ஜோராக ஓடும். எனக்கு இது முதல் தட்டைப் போட்டு, கருப்புத் திரையில் வந்த ஒற்றை வரி எச்சரிக்கையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. எல்லா மண்டலத்துக்கும் திறந்த பிளேயர் ஒன்று வாங்கினேன். ப்ளூ-ரேவைவிடக் கூர்மையான 4கே தட்டுகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது. அதனாலேயே இரண்டும் வந்தால் 4கேயை வாங்குவது நமக்குப் புத்திசாலித்தனம், அதை ஓட்ட 4கே பிளேயர் இருந்தால்.

அடுத்தது சுங்கம். பெட்டியின் விலை ஒன்று, வீட்டு வாசலுக்கு வரும்போது வேறொன்று. ஒரு கூரியர் ஆள் 'உள்ளே என்ன சார்?' என்று கேட்டார். 'பழைய படம்' என்றேன். வரித் தொகையைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

அட்டை உறைக்காக இரட்டை விலை கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். முதல் சில ஆயிரம் பிரதிக்கு மட்டும் ஒரு பளபள உறை, அது தீர்ந்ததும் மறுவிற்பனையில் மூன்று மடங்கு என்பதெல்லாம் பேண்டின் பெரிய அட்டைப்பெட்டி வித்தையின் புது அவதாரம். ஆனால் படத்தைத் தள்ளிப்போடக்கூடாது. இந்தக் கம்பெனிகள் எம்ஜிஎம் போன்றவர்களிடம் சில வருடங்களுக்குத்தான் உரிமை எடுக்கின்றன. அது முடிந்தால் தட்டு அச்சில் இருக்காது. பின்னட்டையில் எந்தச் சுருளிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்று எழுதியிருப்பார்கள், அதைப் படியுங்கள். நெகட்டிவ் என்றால் முதல் தரம். இன்டர்பாசிட்டிவ் என்றால் ஒரு தலைமுறை தள்ளி, பெரும்பாலும் மோசமில்லை. ஒன்றும் எழுதாமல் 'ஹெச்டி' என்று மட்டும் போட்டிருந்தால் பழைய டிவி மாஸ்டரைத் தூசி தட்டித் தந்திருக்க வாய்ப்பு அதிகம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி 'செல்லார் ட்வெல்லர்' போட்டேன். படத்தின் தொடக்கத்தில் பூதத்தை வரையும் ஓவியனாக வருவது ஜெஃப்ரி கோம்ஸ். மேசைவிளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தில் வியர்வை ஒவ்வொரு துளியாகத் தெரிகிறது. அது முடிந்ததும் 'தி ஈவில் க்ளர்ஜிமேன்' போட்டேன். அதே கோம்ஸ், கிட்டத்தட்ட அதே வருடம், அதே கம்பெனியின் சம்பளம். மாடி அறையில் பார்பரா கிராம்ப்டனைப் பார்த்துத் திரும்புகிறார். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கருப்புப் புள்ளிகள், சுற்றிலும் சாம்பல் நிற மூட்டம். குரல் மட்டும் தெளிவாக இருக்கிறது. ரிமோட்டை எடுத்து நிறுத்திவைத்து, டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். பக்கத்தில் போனால் முகமும் கலைந்து கட்டம்கட்டமாகப் போய்விட்டது.